என் லேப்டாப்பின் ஓரத்தை ராவிய அண்ணனுக்கு

அரத்தைக் கீழே வைக்காமலே பேசிப் பழகின என் அண்ணாவுக்கு,

பட்டறையிலயே நெஞ்சுவலி வந்து நீங்க போயி எட்டு மாசம் ஆச்சுங்ணா. அண்ணி கொஞ்சம் கொஞ்சமாத் தேறி வாராங்க. நாங்க ரெண்டு பேரும் கணபதியில அதே ஊட்டுலதான் இருக்கறோம். உங்க மேசையைப் பட்டறையில இன்னும் யாருக்கும் குடுக்கலையாம். நல்ல சேதி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் எங்க ஆபீசு லட்சணம். ஆபீசுல எனக்குக் குடுத்த லேப்டாப்போட ஓரத்தை நீங்க அரத்தால ராவிக் குடுத்தீங்களே, அதுக்கு என்னைய மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள குடுக்கோணுமாம்.

அந்த லேப்டாப்பை டிசைன் பண்ணின மகராசன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. ஒரு நாளாச்சும் அதுமேல கையை வெச்சு ஒம்பது மணி நேரம் தட்டியிருப்பானா? வெள்ளைத் துணி விரிச்ச மேசைமேல வெச்சு போட்டோதான் எடுத்திருப்பான். முழுக்க அலுமினியம், பாக்க அத்தனை அழகு, மணிக்கட்டு பதியற முன்பக்க ஓரம் மட்டும் அருவாமணை. எனக்கு ரெண்டு கையிலயும் குறுக்கால செவப்புக் கோடு விழுந்து, போகப் போகத் தோலும் உரிஞ்சுது.

ஆபீசுல சொல்லாம இல்லைங்ணா. நாலு மெயில் போட்டேன். பதிலுக்கு, உக்கார்ற முறையைப் பத்தி ஒரு ஆன்லைன் வகுப்பு வெச்சாங்க. மணிக்கட்டை அந்தரத்துல தூக்கிப் பிடிச்சுட்டே டைப் அடிக்கோணுமாம். சொல்லிக் குடுத்த அம்மணி அந்த அரைமணி நேரத்துல ஒரு எழுத்துகூடத் தட்டலை. கடைசியா எல்லாருக்கும் கையில வெச்சு அமுக்கறதுக்கு மஞ்சக் கலர்ல ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. அத்தனை படிச்சவங்க கூடிப் பேசி எடுத்த முடிவு, ஒரு பந்து.

நீங்க மெயிலெல்லாம் எங்க பாத்தீங்க? ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் கறிக்குழம்பு ஊத்தறப்ப என் கையைப் பாத்தீங்க. "இதென்னுங் கண்ணு, சூடு பட்டுதா?"ன்னு கேட்டீங்க. லேப்டாப்பைக் கொண்டாந்து காட்டினேன். ஓரத்துல கட்டைவிரலை ஓட்டிப் பாத்துட்டு, "பிசிரே எடுக்காம அனுப்பிச்சுப் போட்டானுங்க"ன்னு, துப்பாத குறையாச் சொன்னீங்க. ஓரம் மழுக்காத பீஸ் உங்க பட்டறை வாசப்படி தாண்டாது. அப்படி ஒண்ணை விக்கறதுக்கு ஒருத்தன் துணிவான்னே உங்களுக்கு நம்ப முடியலை.

நான் தலைக்குக் குளிச்சுட்டு வாரதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. ஓட்டையெல்லாம் டேப் ஒட்டி மூடி, மடியில துண்டு விரிச்சு, ஒரே பக்கமா ராவி, வாட்டர் பேப்பர் போட்டு வழவழன்னு தேய்ச்சு, பொடி ஒரு பொட்டு உள்ள போகாமத் தொடைச்சும் வெச்சிருந்தீங்க. கூடவே ஓரத்துல பொறிச்சிருந்த கம்பெனி நம்பரையும் ராவிப்போட்டிருந்தீங்க.

நான் கத்தினேன். ஏன் கத்தறேன்னே உங்களுக்குப் புரியலை. வார்ப்புமேல இருக்கற நம்பர் ஃபினிஷிங் வரைக்கும்தான், வேலை முடிஞ்சா அது போயிரும், அப்புறம் வேற நம்பர் அடிச்சுக்குவாங்கன்னு எனக்கு விளக்கம் சொன்னீங்க. "நம்பர் பஞ்ச் பையிலதான் இருக்குதுங் கண்ணு. சுத்தியில ரெண்டு தட்டு. அடிச்சுத் தரட்டுமா?" லேப்டாப்பு மேல சுத்தி. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலை. இப்ப நெனச்சா சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வருது. ஆனா ஒரு வாரத்துல என் கையில தோல் சேந்துருச்சுங்ணா.

போன வாரம் ஆபீசு லேப்டாப்பையெல்லாம் சரிபாக்க ஒருத்தன் வந்தான். ஓரத்தைத் தடவித் தடவிப் பாத்தான். "நல்லா இருக்குதுங்களே, எங்க பண்ணினீங்க?"ன்னு கேட்டுட்டே, சேதம்ங்கற கட்டத்துல டிக் போட்டான். அப்புறம் மேனேஜர் கூப்பிட்டாரு. வெளியாள் ஒருவர் அறியாமல் செய்த சேதத்துக்கு வருந்துகிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். இல்லைன்னா டீம் லீடர் லிஸ்ட்டுல என் பேரு நிக்காதாம். ஏழு வருசமா நான் காத்துட்டு இருக்கற எடம் அது, உங்களுக்கே தெரியும். இதைச் சொல்றப்ப அவரு மணிக்கட்டுக்குக் கீழ மெத்துன்னு ஒரு பஞ்சுப் பட்டை கெடந்துது. அவரு கை மட்டும் கை.

வெளியாள்னு கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துட்டு வந்துது. எழுந்து ரெண்டு கேள்வி கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன். அப்பத்தான் நெனப்பு வந்துது, உங்களை மொதல்ல வெளியாள் ஆக்கினது நான்.

நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ராவின மறுநாள் சார்ஜரை ஊட்டுலயே வெச்சுட்டு சரவணம்பட்டி ஆபீசுக்கு வந்துட்டேன். ஆபீஸ் வாசல்ல கூட வேலை செய்யறவங்க லேப்டாப்பை வாங்கிப் பாத்துச் சிரிச்சாங்க. "யாரு பண்ணின வேலைங்க இது?"ன்னு ஒருத்தி கேட்டா. "எங்க ஊட்டுப் பக்கத்துல ஒரு லேத்துக்காரர், கேக்காமப் பண்ணிப்போட்டாரு"ன்னேன். சொல்லிட்டுத் திரும்பறேன், எண்ணெய்க் கறைச் சட்டையோட நாலடி தள்ளி நீங்க நிக்கறீங்க. என்னைய ஒரு தரம் பாத்தீங்க. பக்கத்துல வந்து, "சார்ஜரை உட்டுட்டு வந்துட்டீங்க மேடம்"னு குடுத்துட்டுப் போயிட்டீங்க.

உங்க தங்கச்சி சொன்ன பொய் அவங்க முன்னாடி நிக்கோணும்னு என்னைய மேடம்னு கூப்பிட்டீங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் உசுரோட இருந்தீங்க. தெனமும் ஒரே சோத்துப் பானையிலதான் சாப்பிட்டோம். நீங்க அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, நானும் எடுக்கலை. இத்தனை நேரம் எல்லாரையும் கேவலமாப் பேசினேன். அவங்க அத்தனை பேரையும்விடக் கேவலமான ஆளு அன்னைக்கு அந்த வாசல்ல நின்ன நான்தானுங்ணா.

மேனேஜருக்குத் திங்கக்கிழமை ரெண்டு வரி போகும். என் கை புண்ணாயிருந்துது, என் அண்ணன் ஓரத்தை ராவிக் குடுத்தாரு. அதுல வருத்தமும் இருக்காது, சேதமும் இருக்காது. பதவி போறதுன்னா போகட்டும். இனி எவன் கேட்டாலும் என் அண்ணன்னுதான் சொல்லுவேன், இது சத்தியம். நான் எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. எட்டு மாசம் பிந்திப் போச்சு. இதுதானுங்க அது.

உங்க தங்கச்சி,
கோமதி