அளவு கொடுக்காத கண்ணாடி

தம்பி,

சோறு மேடையில் மூடியிருக்கிறது. நேற்று திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

என் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கேட்டிருந்த பக்கக் கண்ணாடியை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இன்று கொடுத்தனுப்பினார். நான் இன்னும் அளவே கொடுக்கவில்லை. ஆனாலும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் கை தவறிக் கோணலாகப் போட்ட ஸ்க்ரூ ஓட்டைக்கு நேராக அதிலும் ஓட்டை இருக்கிறது. பெட்டியோ என் அறையை விட்டு வெளியே போனதே இல்லை.

அவர் கடைக்கு ஃபேன் வாங்கப் போன அன்றுதானே வீட்டுச் சாவியைத் தொலைத்தாய்? “எங்கயாவது விழுந்திருக்கும்க்கா, விடு”ன்னு சொன்னாயே!

புதுப் பூட்டு வாங்கப் போகிறேன். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள். யார் வந்தாலும் திறக்காதே.

அக்கா

தாழ்ப்பாள் போடுவதற்கு முன்னால் ஒன்று: கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். என் அறை வாசலில் நின்றே உள்ளே பார். அது பெட்டியில் மாட்டியிருந்தால் தாழ்ப்பாள் போடாதே. வெளியே ஓடு.