வெயில் எறிக்குது மச்சான், வெளியிலை வா

கால்வே நகரத்து வானத்தைக் கண்ணாலேயே மிரட்டி வைத்திருந்த வீராதி வீரனும், என் ஒரே தங்கச்சியை அயர்லாந்துக்குக் கடத்திக்கொண்டு போன பெருங்கள்ளனுமாகிய என் அன்பு மச்சானுக்கு,

நலம் விசாரித்தால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டாய். ஆகவே என் நலத்தை நானே அறிவித்துவிடுகிறேன். உயிரோடு இருக்கிறேன். ஜெர்மனியின் இந்த ஹம் நகரத்தில் இந்த ஆடி மாதம் பெய்த மழைக்கு அதுவே பெரிய சாதனை. பிரளய காலத்துத் தோணி ஒன்று எங்கள் கால்வாயில் கரை ஒதுங்க இடம் கேட்டு வந்தது, இடமில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல்கனியில் நீ நட்டுத் தந்த கறிவேப்பிலைக் கன்று நீந்தப் பழகிவிட்டது.

காலையில் மழை, தேத்தண்ணி குடித்து முடிக்க வெயில், கோப்பையைக் கழுவி வைக்க மறுபடியும் மழை. நீ இருந்திருந்தால் "அசல் அயர்லாந்துக் கோடை!" என்று புளுகத்தில் துள்ளியிருப்பாய். எனக்குத் துள்ள வரவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன்.

நான் முதன்முதலாகக் கால்வேக்கு வந்த கோடை நினைவிருக்கிறதா? ஜெர்மன்காரனே வெட்கப்படும் ஒழுங்கோடு வந்து இறங்கினேன். எந்த நாள் எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தேன். முதல் நாள் கடற்கரை. காலையில் எழும்பிப் பார்த்தால் கடலைத் தூக்கி யாரோ வானத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "மழையாய்க் கிடக்கு, வேறொரு நாள் போவம்" என்றேன். என் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வேறொரு நாளோ?" என்று கேட்டாய். "இஞ்சை அப்பிடி ஒரு நாள் இல்லை மச்சான். இருக்கிறது இண்டைக்குத்தான். ஏறு காரிலை."

அந்த ஊர்ச் சனம் முழுவதும் கடலைப் பார்த்தபடி கார்களை நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர், கடல் எங்கே இருக்கிறதென்று கடவுளுக்கே தெரியாது. யாரும் முகம் சுளிக்கவில்லை. நாங்களும் தங்கச்சி பொரித்த மீன் ரோல்ஸைத் தின்றுகொண்டு, இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மேகம் கிழிந்தது. நூறு கார்க் கதவுகள் ஒரே சத்தத்தில் திறந்தன! கிழவிகள், குஞ்சு குருமான்கள், நாய்கள், ஒரு பாதிரியார், எல்லோரும் கடலுக்குள் ஓடினார்கள். அந்தச் சனத்தின் கால்களின் வெள்ளையில் கண் கூசி, தூரத்துக் கப்பல்கள் திசை மாறிப் போனதை நான் என் கண்ணால் கண்டேன். ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறும் நேரம்தான் வெயில். பிறகு மழை. எல்லோரும் திரும்பிக் காருக்குள். ஒருவர்கூட வானத்தைத் திட்டவில்லை. இன்றைக்கு நல்ல நாள் என்று பக்கத்துக் காருக்குக் கை காட்டினார்கள்.

"மழை பெய்யிறது எங்கடை வேலையில்லை மச்சான்" என்றாய், தலையைத் துவட்டிக்கொண்டு. "வெயில் எறிக்கேக்கை வெளியிலை நிக்கிறதுதான் எங்கடை வேலை."

தங்கச்சி கண்ணை மூடிய பிறகு, நீ மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தாய். இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உனக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் போகும் தூரத்தில் உங்களுக்கு ஒரு வீடு. கலியாணமே கட்டாமல் ஒற்றைக் கட்டிலோடு வாழ்ந்த நான், நாடிழந்த மன்னனுக்கு அடைக்கலம் கொடுத்த சக்கரவர்த்தியாகிவிட்டேன். கோயில் வாசலில் கண்டவர் எல்லோரிடமும் சொன்னேன்: "மச்சான் பாவம், தனிய இருக்க ஏலாது. நான்தான் வரச் சொன்னனான்." நீ பக்கத்தில் நின்று தலையாட்டுவாய். மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த நாட்டில் எதற்கும் முன்கூட்டியே நாள் குறித்து டெர்மின் போட வேண்டும்: பல்லுக்கு டெர்மின், தலைமயிருக்கு டெர்மின், அண்ணன் வீட்டுக்குத் தம்பி போவதற்கும் டெர்மின். முப்பது வருடத்தில் நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். கனவில் வருகிறவர்கள்கூட முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்தார்கள். நீ மட்டும் அதற்கு மசியவில்லை. வெயில் தலை காட்டினால் என் தொலைபேசி அலறும். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. "வெயில் எறிக்குது மச்சான், வெளியிலை வா." டொக். வைத்துவிடுவாய். நான் கண்டபடி பேசிக்கொண்டு சப்பாத்தைக் கொழுவுவேன். கால்வாய்க் கரைக்கு வந்தால், அங்குள்ள மர வாங்கில் எனக்கு இடம் விட்டுக் குந்தியிருப்பாய்.

போகும்போதும் டெர்மின் போடாமல்தானே போனாய்? மாசி மாதத்து ஒரு காலையில், சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நிற்கையில், டொக்.

சித்திரையில் முதல் வெயில் வந்தது. சொன்னால் சிரிப்பாய், நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அடிக்கவில்லை. நான் வெளியே போகவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த வெயிலையெல்லாம் கண்ணாடிக்கு உள்ளே இருந்துதான் பார்த்தேன். கூப்பிட ஆளில்லாத வெயிலை என்ன செய்வது, சொல்?

இனி உன் மகளின் கதை. ஆரணிக்குக் கால்வே ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. பிறந்த ஊர், தாய் நடந்த தெருக்கள், கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேலை. "போகமுதல் ஒரு நாள் வெளியிலை கிரில் போட்டுக் கோழி சுடுவம் மாமா, நானும் நீங்களும்" என்றாள். உடனே என்ன செய்தோம்? நீ இல்லாமல் வேறென்ன செய்வோம்? டெர்மின் போட்டோம். வெயிலுக்கு, மூன்று கிழமை முன்கூட்டியே!

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் பொத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு பளிச்சென்று விடிந்தது, அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அதற்கடுத்த ஞாயிறு இடி வரும் என்று தொலைபேசி எச்சரித்தது. "வேறை நாள் பாப்பம் மாமா" என்று எழுதியனுப்பினாள். இடி வரவேயில்லை. ஒரு படைக்குப் போதுமான கோழிக்கால்களுக்கு மிளகாய்த்தூளும் தயிரும் பூசி வைத்திருந்தேன். அந்தக் கிழமை முழுக்க நான் ஒருவனே அந்தப் படையாக இருந்து சாப்பிட்டு முடித்தேன்.

அவளுக்குச் சனிக்கிழமை விமானம். புதன்கிழமை விடியவே மழை. சரி, ரயில் நிலையத்தில் இரண்டு நிமிடம் கட்டிப்பிடித்து அனுப்புவதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரம் நெருங்க, வானம் கழுவிய தாச்சிச் சட்டி மாதிரி மினுங்கிற்று. தொலைபேசியை எடுத்து "நேரம் இருக்கோ பிள்ளை?" என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அழித்தேன். பிறகு என்ன பேய் பிடித்ததோ, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஆரணி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல்! ஹம் வரலாற்றில் இப்படியொரு குற்றம் நடந்ததில்லை. பஸ் சாரதியே என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

மணியை அடித்தேன். கதவைத் திறந்த ஆரணியின் முகம் வெளிறிப் போயிற்று. கையில் பெட்டி ஒட்டும் நாடா.

"மாமா! என்ன நடந்தது? ஆருக்கு என்ன?"

இந்த நாட்டில் சொல்லாமல் மணி அடித்தால் அது செத்தவீட்டுச் செய்திதான், மச்சான். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியாகிவிட்டது.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. வெயில் எறிக்குது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் வந்தனான். வெளியிலை வா."

அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்பா மாதிரியே கதைக்கிறியள்" என்றாள். "அரை மணித்தியாலம் தாங்கோ மாமா, இந்தப் பெட்டியை மூடிப்போட்டு வாறன்."

"அரை மணித்தியாலத்திலை வெயில் போலந்துக்குப் போயிடும். நட பிள்ளை."

வீட்டுச் செருப்போடு வந்தாள், சட்டைக் கையில் நாடாத் துண்டு ஒட்டியபடி. கால்வாய்க் கரையில் நடந்தோம். ஒரு துருக்கிக்காரக் குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கிரில் இரண்டு கை சோளப்பொரி மட்டும், அவள் வரும்போது அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள், நான் ராசா மந்திரிக் கதை சொன்னேன். நன்றாகச் சிரித்தோம். நீ எப்படிச் சிரிப்பாய், மூக்கைச் சுருக்கி, அதே சிரிப்பு. பாதி வழியில் மழை பிடித்துவிட்டது. பாலத்தடியில் ஒதுங்கினோம்.

மழையைப் பார்த்தபடி கேட்டாள்: "மாமா, அப்பா ஏன் கால்வேயை விட்டிட்டு வந்தவர் எண்டு தெரியுமோ?"

"தெரியாமலோ! நான்தானே கூப்பிட்டனான். ஆள் அங்கை தனிய..."

"இல்லை மாமா. அப்பாக்கு அங்கை எவ்வளவு சனம்! வெயில் எறிச்சால் எங்கடை வீட்டு முற்றத்திலை கதிரை காணாது. 'மாமா ஆரும் கூப்பிடாட்டி வெளியிலை வரமாட்டார். வாயாலை மட்டும் கோட்டை கட்டிக்கொண்டு உள்ளுக்கை இருப்பார். நாங்கள் போவம்' எண்டு சொல்லித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

மச்சான், நான் உனக்கு அடைக்கலம் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் பறையடித்த அத்தனை வருடமும் நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாயே, உனக்குச் சிரிப்பு வரவில்லையா? எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. பாலத்தின் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுதான் யோசிக்கிறன் மாமா" என்றாள் மெல்ல. "இஞ்சை வேலையிலை கேட்டனான், நிக்கிறதெண்டால் நில் எண்டினம். நான் போகாமல் விடட்டே?"

விளங்குகிறதா மச்சான், அவள் என்ன கேட்டாள் என்று? நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் தொலைபேசி மறுபடியும் அடிக்கும். வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும். அந்த ஒரு சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. தகப்பன் ஏற்கெனவே எனக்காக ஒரு ஊரை விட்டுவிட்டு வந்தவன். மகளும் விடுவதா?

அப்போது தொடங்கினேன் பார்! நான் வாழ்நாளில் அவிழ்த்துவிட்ட புளுகெல்லாம் அதற்கு ஒத்திகைதான்.

"தனியவோ? ஆர், நானோ? எனக்கு மூச்சுவிட நேரமில்லை பிள்ளை! சனிக்கிழமை எண்டால் கோயிலிலை மரக்கறி வெட்ட வேணும். நான் போகாட்டி அம்மனே பட்டினி. கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி வெயிலைக் கண்டால் போதும், உலாத்தப் போவம் எண்டு கதவிலை வந்து நிக்குது. அதைவிட எங்கடை பழைய பெடியள் முந்நூற்றுநாலு சீட்டு விளையாட வருவினம், வீடு முழுக்கச் சனம், தேத்தண்ணி ஊத்தியே என்ரை தோள்மூட்டு கழண்டு போச்சு!"

"மெய்யே மாமா?"

"அம்மனாணை!"

பொய்ச் சத்தியம்தான். அம்மன் கோபித்தால் நீதான் அங்கே பேசிச் சமாளிக்க வேண்டும்.

ஆரணி என்னைக் கன நேரம் பார்த்தாள். நோகவில்லை என்று சொல்லும் நோயாளியைத் தாதி பார்க்கிற பார்வை அது. நம்பினாளா, இல்லை நான் நம்பச் சொல்லிக் கேட்டதை விளங்கிக்கொண்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி மாமா" என்றாள். "அப்ப அடுத்த கோடைக்கு வருவன். உங்கடை கூட்டாளிமாரையெல்லாம் எனக்குக் காட்ட வேணும்."

சனிக்கிழமை போய்விட்டாள். ரயில் வெளிக்கிட்ட பிறகும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த ரயில்காரர் தங்களுக்குத்தான் என்று நினைத்துத் திருப்பி ஆட்டினார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது இருந்த அமைதியைப் பற்றி உனக்கு எழுதப் போவதில்லை. அதைப் பெருப்பித்துச் சொல்ல என்னாலேயே முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோயில் மடைப்பள்ளிக்குப் போய் வாசலில் நின்றேன். "என்ன அண்ணை, ஆரையும் தேடுறியளோ?" என்று ஒரு பெண் கேட்டாள். "மரக்கறி வெட்ட வந்தனான்" என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு கத்தியையும் இமயமலை உயரத்துக்குப் பூசணிக்காயையும் காட்டினாள். யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. ஆனால் போகும்போது, "வாற சனியும் வருவியளோ அண்ணை?" என்று கேட்டாள்.

இன்று மத்தியானம் வெயில் எறித்தது. படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டு மணியை அடித்தேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தனியே கால்வாய்க் கரைக்குப் போய், வாங்கின் ஒரு பக்கத்தில் இருந்தேன், மழை வரும்வரை. யாரும் கூப்பிடாமல், யாரையும் கூட்டிக்கொள்ளாமல், நான் வெளியே போன முதல் வெயில் இது.

மச்சான், இதோ என் வாக்கு. சாட்சிக்கு நீ மட்டும்தான். அந்த மணியை அடுத்த வெயிலிலும் அடிப்பேன், அதற்கடுத்த வெயிலிலும் அடிப்பேன். பழைய பெடியளை வீடு வீடாகப் போய் இழுத்து வருவேன், டெர்மின் கேட்டால் காதைப் பிடித்து இழுப்பேன். அடுத்த கோடையில் உன் மகள் வந்து என் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, பாலத்தடியில் அவளுக்கு நான் சொன்ன பொய்களில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்காது.

உன் மனுசிக்குத் தமையன்,
உன் மகளுக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சிவநேசன்
ஹம்