அறுபதில் நடுங்கும் வண்டி

11 ஜூன் 2000, ஞாயிறு

கோயிலுக்குப் போகும்போது வண்டி மறுபடியும் நடுங்கியது. கரும்பாலையைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில், வேக முள் அறுபதைத் தொட்டதும், ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் மாதிரி ஒரு சிலிர்ப்பு. காலை எடுத்தால் நிற்கிறது. மிதித்தால் மறுபடி.

“ரோடு சரியில்லம்மா” என்கிறான் ஜிதேந்திரா. பெற்ற மகன், என்னிடமே சொல்கிறான். போன மாதமும் இதே ரோடுதானே?

விற்கப்போகிற வண்டி. அதனால்தான் ரோட்டின் மேல் பழி.

13 ஜூன்

எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் தமிழ்ச் சங்கப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும். ஆகவே பயமில்லை.

நியூசிலாந்தில் குடியேறத் தாள் வந்துவிட்டது. மகன், மருமகள் அஞ்சீதா, பேத்தி நிலேஷ்னி, மூன்று பேருக்கு. எனக்கு அடுத்த வருஷமாம். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

வண்டி விற்றால்தான் மூன்று டிக்கெட்டும் எடுக்க முடியும். வாங்கப்போகிறவன் பக்கத்து வீட்டு பல்ராம். தையல் பாக்டரியில் வேன் ஓட்டினவன். போன மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்களே, அதற்குப் பிறகு பாக்டரிக்குப் பூட்டு. இந்த வண்டியை டாக்ஸியாக ஓட்டிப் பிழைக்கலாம் என்று இருக்கிறான். கையில் இருக்கிற எல்லாவற்றையும் இதில்தான் போடப்போகிறான்.

நடுக்கத்தைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

17 ஜூன்

மெக்கானிக் ராமசாமியிடம் போனோம். நானும் ஏறிக்கொண்டேன். அஞ்சீதா முகம் சுளித்தாள். சுளிக்கட்டும்.

ராமசாமி கியர் பெட்டியின் எண்ணெயைக் குச்சியில் எடுத்து மோந்து பார்த்தார். விரலில் தேய்த்தார். “இது வண்டி எண்ணெயே இல்லப்பா. எவன் ஊத்துனது?” என்றார்.

ஜிதேந்திரா தலையைச் சொறிந்தான். மே மாதம் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தபோது பெட்டியில் எண்ணெய் குறைந்திருக்கிறது. அஞ்சீதாவின் அண்ணன் கரும்புத் தோட்டத்தில் டிராக்டருக்கு வைத்திருந்த டிரம்மிலிருந்து இவனே பிடித்து ஊற்றிவிட்டானாம்.

“அதுவும் செவப்பாத்தான இருந்துச்சு மாமா!”

“செவப்பா இருந்தா? உன் பொண்டாட்டி வெக்கிற மொளகா சட்னியும் செவப்புதான். ஊத்திருவியா?”

நான் சிரித்துவிட்டேன். அஞ்சீதா சிரிக்கவில்லை.

பிறகு அவர் சொன்னது: நடுக்கம் அந்த எண்ணெயால் மட்டும் என்றால் நல்ல எண்ணெய் மாற்றினால் போய்விடும். உள்ளே இருக்கிற தட்டுகள் ஏற்கனவே கருகியிருந்தால் எண்ணெய் மாற்றி ஒன்றும் ஆகாது, முழுப் பெட்டியும் போகும். “எதுன்னு இப்ப சொல்ல முடியாது. இன்னொண்ணு, ஒரு தடவ வடிச்சா பாதிதான் வெளிய வரும். மீதி உள்ளயே நிக்கும். ரெண்டு தடவ மாத்தணும், நடுவுல ஓட்டணும்.”

“ஒரு தடவ போதும் மாமா. நேரமில்ல” என்றான் என் மகன்.

18 ஜூன்

அறுபதில் நடுக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது, தொடையில்.

“பாத்தீங்களா, போயிடுச்சு” என்றாள் அஞ்சீதா.

“போகல. ஒளிஞ்சிருக்கு.”

22 ஜூன்

இன்று பெரிய சண்டை. பல்ராமிடம் சொல்லிவிடு என்றேன். இன்னொரு தடவை எண்ணெய் மாற்றிப் பார், போகவில்லை என்றால் அதையும் சொல் என்றேன். ஏரோப்ளேனில் ஏறி நீ போய்விடுவாய். வாரா வாரம் கோயிலில் அவன் முகத்தைப் பார்க்கப்போகிறவள் நான்.

அஞ்சீதா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “அத்த, நெசத்த சொல்லுங்க. பல்ராமுக்காகவா பேசுறீங்க? வண்டி விக்காம போனா நாங்களும் போகமாட்டோம்னுதான?”

சீ. என்ன பேச்சு பேசுகிறாள்.

வெளியே வந்துவிட்டேன். துணி காயக்கூட இல்லை, கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

23 ஜூன்

அவள் சொன்னது உண்மையா? பல்ராமுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று நான் நினைப்பது உண்மை. சத்தியம். ஆனால் நேற்று ஏற்றத்தில் வண்டி நடுங்கினபோது எனக்குள்ளே ஒரு — சந்தோஷம் என்று எழுத மாட்டேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

2 ஜூலை

நிலேஷ்னிக்கு நமாகா ஓட்டலில் இந்த வாரமும் வேலை இல்லை. வெள்ளைக்காரர்கள் யாரும் வரவில்லையாம். நாள் முழுக்க ஆக்லாந்து படம் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். “ஆஜி, அங்க ரொம்ப குளிரு. உங்களுக்கு ஸ்வெட்டர் அனுப்புறேன்” என்கிறாள். குளிர் இல்லாத ஊரில் நான் ஸ்வெட்டர் போட்டு என்ன செய்ய?

8 ஜூலை

கரண்டு இல்லை. வண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

14 ஜூலை

சுவாவில் பார்லிமெண்டுக்குள் பிடித்து வைத்திருந்தவர்களை நேற்று விட்டுவிட்டார்கள். ரேடியோவைச் சுற்றித் தெருவே நின்றது. இனி சரியாகிவிடும், போகவேண்டியதில்லை என்று யாராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஜிதேந்திரா, “டிக்கெட் விலை ஏறதுக்குள்ள எடுத்துரணும்” என்றான்.

பல்ராமும் வந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னான்: “பெரிம்மா, வண்டி பத்தி அண்ணன் காப்பு கட்டுனப்புறம் கேட்டுக்கிறேன்.”

கோயிலில் தீ மிதிக்க வருஷா வருஷம் காப்புக் கட்டுகிறவன் என் மகன். அவன் முகம் வெளுத்துப்போனது.

இங்கே எல்லோரும் செய்வதுதான். மாடு வாங்கினாலும் நிலத்தின் லீஸ் வாங்கினாலும், விற்கிறவன் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிற நாளில் போய் ஒரு வார்த்தை கேட்பார்கள். மஞ்சள் கயிறு கையில் இருக்கும்போது பொய் சொல்லி எவனும் தீக்குழியில் இறங்க மாட்டான். கேட்கிறவனுக்கும் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

16 ஜூலை

அஞ்சீதா ஜிதேந்திராவிடம் சொல்வதைக் கேட்டேன். இந்த வருஷம் காப்பு வேண்டாமாம், முதுகு வலி என்று சொல்லிவிடலாமாம்.

பொறுக்க முடியவில்லை. “தாளு வரணும்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டவன் யாருடா? வந்துருச்சுல்ல? இப்ப முதுகு வலியா?”

அவன் ஹோசைப் பிடித்து வண்டியைக் கழுவப் போய்விட்டான். நேற்றுத்தான் கழுவியிருந்தான்.

20 ஜூலை

காப்புக் கட்டிக்கொண்டான். பாயும் வேட்டியும் எடுத்துக்கொண்டு கோயிலிலேயே தங்கப் போய்விட்டான்.

25 ஜூலை, செவ்வாய்

கோயில் அடுப்படியில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். விறகு இறக்க பல்ராம் வந்தான். இறக்கி முடித்ததும் நேரே ஜிதேந்திராவிடம் போனான். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“அண்ணே, வண்டில ஏதாச்சும் கொற இருக்கா?”

என் மகன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அறுபதில் நடுங்குவது, டிராக்டர் எண்ணெய், ஒரே தடவை மாற்றியது, ராமசாமி இரண்டு தடவை மாற்றச் சொன்னது. தட்டு கருகியிருந்தாலும் இருக்கலாம் என்றான். ஒன்றையும் விழுங்கவில்லை.

பல்ராம் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தான். “பாக்டரி வேன்லயும் இப்படி ஒரு தடவ வந்துச்சுண்ணே. தீ மிதிச்சு முடிங்க. ரெண்டாவது தடவ நானே கூட வந்து மாத்துறேன். ஒரு வாரம் ஓட்டிப் பாக்குறேன். நடுக்கம் நின்னா எடுத்துக்கிறேன். நிக்கலன்னா மன்னிச்சிருங்க” என்றான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை. அதை எழுதிவிடுகிறேன்.

இரண்டாவதையும் எழுதவேண்டுமா? நடுக்கம் நிற்கக்கூடாது என்று அம்மன் சன்னிதியிலேயே ஒரு நிமிஷம் நினைத்தேன்.

30 ஜூலை

தீ மிதித்தான். காலில் ஒன்றுமில்லை. அஞ்சீதா அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் விடவில்லை.

4 ஆகஸ்டு

இரண்டாவது எண்ணெய். ராமசாமி கியர் பெட்டியின் அடிச்சட்டியைக் கழற்றிக் காட்டினார். அதிலிருந்த காந்தத்தில் இரும்புத் தூள் கொஞ்சம் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. “இது வயசுக்கு வர்றதுதான். துண்டு எதுவும் இல்ல” என்றார். பில்டரையும் மாற்றினார்கள். சாவியை பல்ராம் வாங்கிக்கொண்டு போனான்.

7 ஆகஸ்டு

வண்டி வாசலைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம். கேட்க மாட்டேன்.

9 ஆகஸ்டு

கேட்டுவிட்டேன். “இன்னும் பாத்துட்டு இருக்கேன் பெரிம்மா” என்றான்.

12 ஆகஸ்டு

நடுக்கம் நின்றுவிட்டதாம். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஐந்து தடவை போய்ப் பார்த்தானாம். வண்டியை எடுத்துக்கொண்டான்.

சாயங்காலமே டிக்கெட் எடுக்க ஓடினார்கள்.

26 ஆகஸ்டு, சனி

பல்ராம்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். பின்னால் அவர்கள் மூன்று பேரும் மடியில் பைகளோடு. முன்னால் நான். ஜிதேந்திரா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான்.

ஏற்றம் வந்தது. முள் அறுபதுக்குப் போனது. கையைத் தொடையில் வைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. அடுத்த ஏற்றம். ஒன்றுமில்லை. நமாகா வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் மாதிரி ஓடியது.

இறங்கும்போது ஜிதேந்திரா கேட்டான்: “எப்படிம்மா ஓடுச்சு?”

“நல்லா ஓடுச்சு” என்றேன்.

9 செப்டம்பர், சனி

சந்தைக்கு பல்ராமின் டாக்ஸியில் போனேன். “முன்னாடி உக்காருங்க பெரிம்மா, நம்ம வண்டி” என்றான். “உன் வண்டி” என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். காசை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

கத்தரிக்காய் மலிவு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் கடைக்காரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.