கையொப்பத்துக்குக் கீழே

தாகேதா, யாங்கோன், மியான்மர்
ஜூன் 9

மதிப்பிற்குரிய பேராசிரியர் ரமேஷ்குமார் ஐயா அவர்களுக்கு,

ஷீபா வணக்கத்துடன் எழுதுவது. சென்னையில் அனைவரும் நலமாக இருப்பீர்கள். இங்கு மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் என் மகன் பிரான்சிஸின் பெயர் வந்துவிட்டது. இம்முறை இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மூன்று கடிதங்களிலும் கையொப்பத்துக்குக் கீழே, கடைசி வரியாக எழுதியிருந்தேன். வீட்டுக் கவலையை அங்கேதான் வைக்க வேண்டும் என்று அப்பா பழக்கிவிட்டார். உங்கள் பதிலில் என் படியெடுப்பைப் பற்றிய பதினொரு கேள்விகள் மட்டும் இருந்தன.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அச்சுக்காரர் ஞானமுத்துவின் கடிதங்களை உங்கள் புத்தகத்துக்காகப் படியெடுக்கத் தொடங்கியபோது, அச்சு வேலை பற்றியது போதும், குடும்பச் செய்தி வேண்டாம் என்றீர்கள். நானும் கூசாமல் வெட்டினேன். வெட்டியதை நேற்று எடுத்துப் படித்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, மருந்து அனுப்புங்கள் என்று மேல்நாட்டுப் பண்டிதருக்கு மூன்று கப்பலில் எழுதியிருக்கிறார். மூன்றும் கையொப்பத்துக்குக் கீழே. பதினாறு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஈய எழுத்தை எப்படி வார்க்கிறீர், நாளொன்றுக்கு எத்தனை தாள் அச்சேறும் என்று கேள்விகள். அந்த மனிதர் ஒன்றுவிடாமல் விடை எழுதியிருக்கிறார். இருநூறு தாளுக்கு மேல் ஏறாது, நனைத்து வைக்கும் காகிதம் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது என்கிறார். பிறகு கையொப்பம். அதன் கீழே பிள்ளையைப் பற்றி ஒன்றுமில்லை, வெறும் காகிதம்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, ஐயா.

நகர நடுவே கியாக்டடாவுக்கு வேலைக்குப் போகும்போது பிரான்சிஸை உள்ளே வைத்து, ஆளில்லாத வீடாகத் தெரியும்படி வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. சாவியைக் கொடு என்றுகூட அவன் கேட்பதில்லை. மார்ச்சில் அவன் அனுப்பிய விண்ணப்பம் உங்கள் துறையில்தான் இருக்கிறது. படிக்க இடம் கிடைத்ததாக ஒரு தாள் வந்தால் பட்டாளத்துக்கு எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள் என்று வார்டு அலுவலகத்தில் சொல்கிறார்கள். தள்ளிப்போடாமலும் போகலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினொரு கேள்விகளுக்கும் விடை இணைத்திருக்கிறேன். அவற்றை மெதுவாகப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகளை ஆண்டவர் உங்கள் கண்முன்னேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷீபா

பி.கு.: இருபதாம் தேதி காலை அவன் போய் நிற்க வேண்டும், ஐயா.