‘இன்று முதல்’ என்று எழுதிய தோட்டம்

அத்தை,

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் தீர்ப்பின் ஜெராக்ஸ். தாள் இன்னும் சுடுகிறது, மை வாசனை அடிக்கிறது. அன்று பத்திர ஆபீசிலும் இதே வாசனைதான். ஜெயித்துவிட்டோம் அத்தை. கீரமங்கலத்து மல்லிகைத் தோட்டம் என்னுடையதுதான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

உங்கள் பெரிய மகன், என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்த மறுவருடம் அது. சின்னவருக்கு வீட்டை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தீர்கள். மிச்சமிருந்த தோட்டத்தை எனக்கு எழுதப் போனோம். “உங்க காலத்துக்குப் பெறகுன்னு போட்டுருவோமா?” என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாலியறுத்த மருமகளுக்கு யார் அன்றைக்கே கொடுக்கிறார்கள்? நீங்கள் விடவில்லை. “செத்த பெறகு நான் என்னத்தக் குடுக்குறது? இன்னைக்கே இவளுக்குன்னு எழுதுங்க. நான் இருக்குற மட்டும் பூப் பறிச்சுக்கிறேன், அது போதும்.” பத்திரத்தில் ‘இன்று முதல்’ என்று ஏறியது. பட்டாவும் என் பெயருக்கு மாறியது.

மறுநாள் விடியலில் கூடையோடு என் முன்னால் வந்து நின்றீர்கள். “ஏத்தா, ஒன் தோட்டத்துல கொஞ்சம் பூப் பறிச்சுக்கிறவா?” வேலிக்கு அங்கிட்டு நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்துவிட்டார். கிண்டல் செய்கிறீர்கள் என்று எனக்குக் கூச்சமாகப் போனது. ஆனால் தினமும் கேட்டீர்கள். எரிச்சலில் “போய்ப் பறிங்களேன்” என்று நான் சிடுசிடுத்ததும் உண்டு.

ஒரு தப்பு செய்தேன். ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரி நானும் அந்தப் பத்திரத்தை உயில், உயில் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவர் அதைப் பிடித்துக்கொண்டார். உங்கள் காரியம் முடிந்த கையோடு ஒரு தாளை நீட்டினார். கடைசி வருடத்தில் நீங்கள் ரேகை வைத்த உயில். தோட்டம் அவருக்கு. “ஒங்களோடதும் உயிலு, என்னோடதும் உயிலு. பிந்தி எழுதுனதுதான் செல்லும் அண்ணி” என்றார். தோட்டம் போனால் எனக்கும் என் மகளுக்கும் சோறு கிடையாது. அன்று உங்கள் மேல் வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன்.

கோர்ட்டில் பக்கத்துத் தோட்டக்காரர் கூண்டேறினார். “பூப் பறிக்கிறதுக்கே தெனமும் மருமககிட்டக் கேட்டுத்தான் அந்தம்மா பறிச்சாங்க. அவங்க தோட்டம்னா எதுக்குக் கேக்குறாங்க?” சின்னவரின் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பத்திரத்தை ஊரார் எந்தப் பெயரில் அழைத்தாலும், ‘இன்று முதல்’ என்று கொடுத்தது அன்றே கைமாறிவிட்டது. உயிலோ சாகும்போது ஒருவரிடம் இருப்பதை மட்டும்தான் கொடுக்கும் என்று தீர்ப்பு வந்தது. இங்கே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டேன்.

தீர்ப்புச் சொன்ன அன்று வராந்தாவில் சின்னவர் என்னை மறித்தார்.

“அப்ப ஆத்தா என்னைய ஏமாத்திருச்சா அண்ணி?”

“இல்ல தம்பி. நீங்க கேட்ட அன்னைக்கு அவங்ககிட்ட இருந்தது பூராத்தையும் ஒங்களுக்குத்தான் எழுதி வச்சாங்க. அன்னைக்கு அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல.”

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. ஒரு சென்ட் நிலம்கூட உங்கள் பெயரில் இல்லாமல், அத்தனையையும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டு, யாருக்கும் தலை குனியாமல் வாழ்ந்து முடித்திருக்கிறீர்கள். இப்பேர்ப்பட்ட மனுஷிக்கு மருமகளாக இருந்தவள் நான். அந்தத் திமிரோடுதான் இனி ஊருக்குள் நடப்பேன் அத்தை.