கோட்டுக்குக் கீழே

பதிவு 211
2058 பிப்ரவரி 3, காலை 09:10
நான்காம் நிலையம், தென் இந்தியப் பெருங்கடல்

நில அதிர்வுமானிகள் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடவில்லை. அது என்றைக்கு ஓடியது? காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். ஒரு கடல்நாய் கதவை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. துடைப்பத்தால் தட்டி எழுப்பிவிட்டு வெளியே போய்க் கருவிகளைப் பார்த்து வந்தேன்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு அறிமுகம் தேவைப்படலாம். நான் எஸ்தர் கனகமணி, நில அதிர்வு ஆய்வாளர், ஊர் பாளையங்கோட்டை. என்னோடு இருந்த இருவரையும் டிசம்பரில் கப்பல் கூட்டிப்போய்விட்டது. மாற்று ஆள் வரவில்லை. ஓர்விக் நாடு செயற்கைக்கோள்களையெல்லாம் குருடாக்கிய பிறகு, அவர்கள் மலைக்குள் எதை வெடித்தாலும் கண்டுபிடிக்க எங்களைப் போன்ற நிலையங்கள்தான் மிச்சம். பதினொன்றில் இப்போது மூன்றுதான் வேலை செய்கின்றன. மூன்றின் அளவுகளையும் பார்த்து இறுதி எண்ணை ஒன்பது நாட்டுக் கூட்டமைப்பின் சபைக்குச் சொல்வது என் பொறுப்பு.

பதிவு 214
பிப்ரவரி 6, பகல் 11:40

ஓர்விக் மறுபடியும் மிரட்டியிருக்கிறது. நீரிணையை விட்டுக்கொடுக்காவிட்டால் இதுவரை காட்டாததைக் காட்டுவார்களாம். ஒன்பது நாட்டுச் சபை நான்கு நாள் கூடிப் பேசியது. இரண்டு நாடுகள் இன்றே அடிக்க வேண்டும் என்றன. மூன்று நாடுகள் நீரிணையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றன. மீதி நான்கும் யார் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டார்கள். அடுத்த வெடிப்பு நில அதிர்வு அளவில் 5.8 அல்லது அதற்கு மேல் பதிவானால், ஆறு மணி நேரத்தில் ஓர்விக்கின் ஏவுதளங்கள் தாக்கப்படும். எங்கள் பக்கத்து எல்லையோரத் துறைமுகமான சல்மேரா காலி செய்யப்படும். 5.7 என்றால் ஒரு கண்டனக் கடிதம்.

சபையின் தொடர்பு அதிகாரி ஹபீப் காயல்பட்டினத்துக்காரர். அவருடைய குரல் வந்தது:

"மேடம், நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. கோடு போட்டவங்க யாருக்கும் அவன் அதத் தாண்டுவான்னு நெனப்பே இல்ல. தாண்டிட்டா அப்பறம் என்னன்னு யோசிச்ச ஆளும் இல்ல. இப்ப எல்லாம் ஒங்க எண்ணுலதான் நிக்குது."

நன்றி ஹபீப். நல்ல செய்தி சொன்னீர்கள். ஒன்பது நாட்டுத் தலைவர்கள் எடுக்க வேண்டிய முடிவை ஒரு புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கத்தின் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

சல்மேராவில் முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். காலி செய்ய மூன்று நாள் ஆகும். ஏவுதளத்தை அடித்தால் ஓர்விக் முதலில் திருப்பி அடிக்கும் இடம் அதுதான். மூன்று நாள் எங்கே, ஆறு மணி நேரம் எங்கே என்று சபையில் ஒருவரும் கணக்குப் போடவில்லை போலிருக்கிறது. அந்தத் துறைமுக மருத்துவமனையில் என் மகள் ஜெமிமா வேலை பார்க்கிறாள்.

பதிவு 217
பிப்ரவரி 9, காலை 10:22

வெடித்துவிட்டார்கள். ஓர்விக்கின் சோதனை மலை, ஆழத்தில். முதல் அலையே குத்துச்சண்டைக்காரன் மாதிரி வந்தது. நிலநடுக்கம் இப்படி வராது.

என் நிலையம்: 5.83.
ஏழாம் நிலையம்: 5.81.
ஒன்பதாம் நிலையம்: 5.55.

காலை 11:05

ஒன்பதாம் நிலையம் எரிமலைத் தீவில் இருக்கிறது. அதன் அடியில் உள்ள சூடான பாறை அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். எப்போதும் குறைத்தே காட்டும். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. வெடிப்புக் கணக்கு என்றால் ஒன்பதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்போம். கையேட்டில் இப்படி எழுதியிருக்காது. இருபது வருடமாகக் கை தானாகச் செய்வது.

ஒதுக்கினால் 5.8.
சேர்த்துக்கொண்டால் 5.7.

காலை 11:31

சேர்த்துக்கொண்டேன்.

பொய் எழுதவில்லை. மூன்று நிலையங்களின் சராசரி என்று கையேடு சொல்கிறது, மூன்றின் சராசரியைக் கொடுத்தேன். யாராவது கேட்டால் கையேட்டைக் காட்டலாம். சோற்றைக் குழம்பில்லாமல் பாதி தின்றுவிட்டுத்தான் குழம்பு ஊற்றவில்லை என்று கவனித்தேன்.

மாலை 16:15. ஹபீப்:

"5.7 மேடம்! சபைல எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. ரெண்டு பேரு அழுதே புட்டாங்க. ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

பதிவு 218
பிப்ரவரி 10, காலை 09:50

இன்று காலை ஓர்விக் வானொலி. பெண் அறிவிப்பாளர், நிதானமான குரல். மொழிபெயர்த்து எழுதுகிறேன்:

"கூட்டமைப்பு எங்கள் சோதனையை 5.7 என்று அளந்துள்ளது. மலைக்குள் எவ்வளவு வைத்தோம் என்று எங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். கூட்டமைப்பின் விஞ்ஞானிகளுக்கு எங்கள் வாழ்த்துகள்."

அவ்வளவுதான். அதன் பிறகு பாட்டுப் போட்டார்கள்.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏன் இது நேற்றே உறைக்கவில்லை? என் எண்ணைச் சபை நம்பும், செய்தித்தாள் நம்பும், ஜெமிமா நம்புவாள். உலகத்தில் அதை நம்ப முடியாத ஒரே ஆள் குண்டு வைத்தவன். அவன் 5.8-ஐத் தாண்டும்படி அளந்துதான் வைத்தான். நாங்கள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நாங்கள் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்று இதைவிடத் தெளிவாக அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. எழுதிக் கொடுத்தது நான்.

அடிப்பதா, கொடுப்பதா, பேசுவதா என்று எனக்குத் தெரியாது. அது என் படிப்பு இல்லை. ஆனால் எதைச் செய்வதாக இருந்தாலும் நடந்தது இன்னது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலைதான் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

திருத்த அறிக்கை எழுதினேன். அனுப்பினால் ஆறு மணி நேரத்தில் தாக்குதல். சல்மேராவில் அவள் இருக்கிறாள். அனுப்பவில்லை.

பதிவு 219
பிப்ரவரி 11, மதியம் 13:05

ஜெமிமாவுக்கு இணைப்புக் கிடைத்தது. நான்கு நிமிடம். எல்லா அழைப்பையும் சபையின் தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"யம்மா, நாளைக்கு ஒரு பயணிக் கப்பல் கெளம்புது. டாக்டர்களுக்குன்னு ரெண்டு எடம் வச்சிருக்காவ. எனக்கு ஒண்ணு தாரேங்காவ. ஆனா வார்டுல நாப்பது பேரு கெடக்காவ, விட்டுட்டு வர மனசில்ல. ஓங்கணக்குல 5.7 தானே? இங்க எல்லாரும் ஒம்பேரச் சொல்லித்தான் பெட்டியப் பிரிச்சு வச்சிருக்காவ. நீ சொல்லு. ஏறவா, இருக்கவா?"

போ என்றால், எண் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தணிக்கைக்காரன் ஓடிப்போய்ச் சொல்வான், கணக்கை மறுபடி பிரிப்பார்கள், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே தாக்குதல் தொடங்கும். அந்த நான்கு நிமிடத்துக்குள் நான் போட்ட கணக்கு இது. அதுவும் முழு உண்மை இல்லை. இரண்டு நாளில் நானே என் எண்ணைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தேன்.

இருக்கலாம் பிள்ளே, ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன்.

"அப்பஞ் சரி. நீ சாப்புட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். நேரம் முடிந்தது.

பதிவு 221
பிப்ரவரி 13, காலை 08:40

அலை. ஓர்விக் திசை. சிறியது. எட்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு முன்னால் நடந்திருக்கிறது.

ஏழாம் நிலையமும் ஒன்பதாம் நிலையமும் நேற்று மாலையிலிருந்து இணைப்பில் இல்லை. என்னுடைய ஒரே அளவு: 4.6. இந்தத் தடவை கூட்டவும் கழிக்கவும் ஒன்றுமில்லை. அப்படியே அனுப்பினேன்.

காலை 08:52. ஹபீப்:

"4.6 தானா? அல்ஹம்துலில்லாஹ்! கோட்டுக்கு ரொம்பக் கீழ மேடம். அவன் எறங்கி வாறான். கண்டனக் கடிதம் போதும்னு இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க."

காலை 09:10

ஏன் சிறியது? 5.8 வைக்கத் தெரிந்தவன் எதற்கு 4.6 வைக்க வேண்டும்?

மலைக்குள் வெடித்தால் சக்தி முழுவதும் பாறைக்குள் போகும். திறந்த வெளியில் வெடித்தால் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடும். நிலத்துக்கு மிச்சம் மீதிதான் வரும். அவ்வளவு பெரிய குண்டும் நிலத்தில் வெறும் 4.6 ஆகத்தான் தெரியும். சபை கோடு போட்டது நிலத்தில். காற்றில் போட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மலைக்கும் சல்மேராவுக்கும் அறுபது கிலோமீட்டர். ஐயாயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒற்றை நிலையத்தை வைத்துக்கொண்டு மலையிலா சல்மேராவிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஹபீபிடம் சொன்னேன். துறைமுகத்தைக் கூப்பிடச் சொன்னேன்.

காலை 09:34. ஹபீப்:

"சல்மேரா எடுக்க மாட்டேங்குது மேடம். ராத்திரிலேர்ந்தே லைன் மக்கர்தான், கேபிள் கோளாறுங்காங்க. கேபிளாத்தான் இருக்கும். இருக்கணும் மேடம்."

காலை 10:20

கூரையில் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் பழைய கருவி ஒன்று இருக்கிறது. காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியைப் பிடிக்கும். நிலத்தின் வழியாகச் செய்தி எட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. காற்றின் வழியாக வர ஐந்து மணி நேரம் ஆகும். மலைக்குள் என்றால் காற்றில் ஒன்றும் வராது. சொந்த மண்ணில் யாரும் திறந்த வெளியில் வெடிக்க மாட்டார்கள்; வெளியே என்றால் அது சல்மேராதான், 13:30 வாக்கில் வரும்.

போய்க் கருவியைத் துடைத்தேன். குழாயில் உப்புப் படிந்திருந்தது. குத்தி எடுத்தேன். ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் துடைத்தேனா, ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு துடைத்தேனா, தெரியவில்லை.

காலை 11:45

கேபிளாக இருக்கலாம். உண்மையிலேயே சின்னக் குண்டாக இருக்கலாம். அவர்கள் பொறியாளர்களும் மனிதர்கள்தான், பாதி வெடிக்காமல் போயிருக்கலாம். கர்த்தாவே, பாதி வெடிக்காமல் போயிருக்க வேண்டும்.

பகல் 12:50

ஜெபம் வரவில்லை. அவள் பல் முளைத்தபோது கடித்த என் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தழும்புகூட இல்லை.

மதியம் 13:20. ஒன்றும் இல்லை.

13:26. ஒன்றும் இல்லை.

13:29. காற்று வழக்கமான இரைச்சல். ஒன்றும் இல்லை. வராது போலிருக்கிறது. வராது

13:33

வந்துவிட்டது.

நீளமாக. பதினோரு நிமிடம் நீடித்தது. திசை சரி. நேரம் சரி. ஐயமே இல்லை. குண்டின் வலிமை நூற்றைம்பது கிலோடன், கூடவும் இருக்கலாம்.

14:02

சபைக்கு அறிக்கை எழுதினேன். காற்றலைப் பதிவு, நேரம், திசை, வலிமை, இடம் சல்மேரா. ஒன்பதாம் தேதி கொடுத்த 5.7 தவறு, சரியான அளவு 5.8, வேண்டுமென்றே குறைத்தவள் நான் என்றும் எழுதினேன். ஹபீபின் தடத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாதபோது அறிக்கை வாங்கும் தானியங்கியில் ஏற்றினேன்.

14:03. தானியங்கி:

"காற்றலைப் பதிவுக்கான கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை. நில அதிர்வு அளவை மட்டும் நிரப்பவும்."

14:04. மறுபடி ஏற்றினேன். அதே பதில்.

14:11. மறுபடி.

14:26

யாராவது எட்டிப் பார்க்கட்டும் என்று கட்டத்தில் 9.9 போட்டேன். கருவியின் பதிவோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. இவ்வளவு நாளும் சரிபார்க்காத இயந்திரம் இன்றைக்குச் சரிபார்க்கிறது.

14:40

4.6 என்று நிரப்பினேன். வேறு எதையும் அது வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

14:40. தானியங்கி:

"4.6. ஏற்கப்பட்டது. வரம்புக்குள் உள்ளது. நன்றி."

14:55

ஜெனரேட்டர் இரண்டு முறை நின்று ஓடியது. எண்ணெய் ஊற்றப் போகவில்லை. இதை எடுப்பவர் யாராக இருந்தாலும், சபையின் ஏட்டில் இன்றைய தேதிக்கு நேராக 4.6 என்றுதான் இருக்கும். அதை நம்பாதீர்கள்.

ஜெமிமா கிருபாவதி. வயது இருபத்தொன்பது. மருத்துவர். வார்டில் நாற்பது பேர் இருந்தார்கள், அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்குக் கப்பலில் இடம் இருந்தது. என்னிடம் கேட்டாள். நான்தான்