ஐந்தாம் படியில் நான் சொல்லாமல் விட்டது

அன்புத் தம்பி ஜெயசீலா,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் ஒரு நாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. 'டிரைவரே' என்பேன். இன்று எழுத உட்கார்ந்தால் இந்த வார்த்தைதான் வருகிறது. அடித்துவிட்டு வேறு எழுத எனக்குத் தெம்பில்லை. இருக்கட்டும்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த வருடம் மழை அதிகம். கிணறுகள் நிரம்பி, மோட்டார்கள் மூழ்கி எரிந்து, பட்டறை வாசலில் எட்டு மோட்டார் வரிசையாகக் கிடக்கின்றன. செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி முதுகு விட்டுப்போகிறது. காலை ஆறு மணியானால் கை தானாகப் போனைத் தேடுகிறது. உன்னைக் கூப்பிடும் நேரம் அது. இந்தக் கைக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

நம் கூட்டத்துக்கு வராதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியை விட வருகிறவனுக்கு, முன்பே விட்ட ஒருவர் துணை நிற்பார். அவரை ஸ்பான்சர் என்போம். அவரை நாமே தேடிப் போய்க் கேட்க வேண்டும். செங்கல்பட்டில் கூட்டம் நடக்கும் கூடத்துக்கு நான் முதலில் வந்தபோது எனக்கு அறுபத்து மூன்று வயது. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன். எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களைப் படித்துத்தான் நாலு விஷயம் தெரிந்துகொண்டேன். எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்று நான்கு மாதம் யாரையும் கேட்கவில்லை. அதற்குள் மூன்று முறை குடித்தேன். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த ஒரே ஆள் நீ.

"இன்னா நைனா, இன்னும் எத்தினி தபா செத்துப் பாப்ப?" என்றாய்.

நாற்பத்தொரு வயதுக்காரன் என்னைக் கேட்கிற கேள்வியா அது? கோபத்தில்தான் சொன்னேன், அவ்வளவு தெரிந்தவனாக இருந்தால் நீயே எனக்கு ஸ்பான்சராக இருந்து காட்டு என்று. உடனே சரி என்றுவிட்டாய். அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

காலை ஆறு மணிக்குப் போன். குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன் போன். குடித்துவிட்டுக் கூப்பிட்டால் நாளைக்குப் பேசு என்று வைத்துவிடுவாய். கூட்டத்தில் ஐந்து பேருடைய நம்பராவது என் போனில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாய். அதை மட்டும் நான் கேட்கவில்லை. ஊர் முழுக்க என் வண்டவாளம் தெரிய வேண்டுமா என்று சண்டை போட்டேன். "நான் சாவ மாட்டேன்னு எழுதிக் குடுத்துக்கிறேனா?" என்றாய். வருடக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. என் போனில் உன் ஒரு நம்பர்தான் இருந்தது.

குடியை விட நம் கூட்டத்தில் பன்னிரண்டு படிகள். அதில் ஐந்தாம் படி வந்தது. செய்த தப்புகளில் ஒன்றைக்கூட மறைக்காமல் இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டும், அதுதான் அந்தப் படி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் ஆட்டோவை நிறுத்தினாய். என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நீ முன்னால் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தாய். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்றாய். மனைவியை அடித்ததைச் சொன்னேன். மகளின் நிச்சயதார்த்தத்தன்று பந்தல் ஓரம் விழுந்து கிடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் வரை சொன்னேன். "அவ்ளோதானா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாய். மறுபடியும் அதையே சொன்னேன். வண்டியைக் கிளப்பிவிட்டாய்.

ஒன்று மிச்சம் இருந்தது.

வாரம் ஒருமுறையாவது என் பட்டறைக்கு வருவாய். வீட்டிலிருந்து டீ வரும். எனக்கு எவர்சில்வர் டம்ளரில், உனக்குக் காகிதக் கப்பில். பட்டறைக்கு வருகிற மற்ற எல்லாருக்கும் டம்ளர்தான். கப்புக் கட்டை வாங்கி வைத்தது என் மனைவி இல்லை, நான். நீ காலனியில் பிறந்தவன், நான் ஊருக்குள் பிறந்தவன். வேறு காரணம் எதுவும் இல்லை. என் உயிரை உன் கையில் கொடுக்க முடிந்த எனக்கு டம்ளரைக் கொடுக்க முடியவில்லை. சுத்தத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி, நீயே கொண்டுபோய்க் குப்பையில் போடுவாய்.

யாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமோ அவனுக்கே செய்த தப்பு. எப்படிச் சொல்வது? அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். நீ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தபோதே போய்விட்டாய். பட்டப்பகல். ஆட்டோவில் தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம்.

சாவு வீட்டில் ஒருவர், "போட்டுட்டுப் படுத்திருப்பான்" என்றார். பதினோரு வருடம் ஒரு சொட்டுத் தொடாதவனைப் பார்த்து. எழுந்து சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் யார் கூட்டத்துக்கு வருகிறார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது நம் கட்டுப்பாடு. கூட்டத்திலிருந்து நாங்கள் ஆறு பேர் வந்திருந்தோம். எப்படிப் பழக்கம் என்று கேட்டவர்களிடம் ஆட்டோ சவாரிப் பழக்கம் என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் வீட்டு வாசலை நான் மிதித்தது அன்றுதான். அதை நீ பார்க்கவில்லை.

போன வாரம் மத்தியானம் மதுராந்தகத்தில் ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே ஒயின் ஷாப். என்னைக் கேட்காமலே கால் சாலையைக் கடந்துவிட்டது. போனை எடுத்தேன். செத்தவனுடைய நம்பர் என்று தெரிந்தே அழுத்தினேன். உன் மனைவி ஸ்டெல்லா எடுத்தார். நான் யார், என்ன விஷயம், ஒன்றும் கேட்கவில்லை.

"குடிச்சிட்டீங்களா, இன்னும் இல்லியா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப அங்க நிக்காதீங்க. பஸ்ஸு ஏறுங்க. போன வைக்காத பேசிகினே வாங்க. வூட்ல மீன் கொழம்பு கீது."

செங்கல்பட்டில் பஸ் மாறினேன். அப்போதும் வைக்கவிடவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் எட்டு மோட்டார்களின் கதையையும் சொல்லிக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டித்தான் சார்ஜ் தீர்ந்தது. உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் கப் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு இந்த வூட்ல பேரே பேப்பர் கப்பு பெரியவருதான். 'பேப்பர் கப்பு போன் பண்ணுது, எடு'ன்னுவாரு."

தெரிந்தேதான் குடித்தாயா? இத்தனை வருடமும்? என் மற்ற பொய்களையெல்லாம் நோண்டி எடுத்தவன் இதை ஏன் விட்டாய்? நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா, இவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துவிட்டாயா? எனக்கு உன்மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். கேட்டிருக்கலாம். காத்திருந்தவன் என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட கேக்காதீங்க. அது அவர்கிட்ட கேக்க வேண்டியது. அவருக்குப் பதிலா நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார், "எழுதுங்க. அவரு பேரப் போட்டே எழுதுங்க. பதினோரு வருசம் குடிக்காம இருந்தாருன்னு போடுங்க. பேசனவன்லாம் படிக்கட்டும்." கட்டுப்பாட்டை மீறி உன் பெயரை எழுதுவது அதனால்தான்.

வேறு ஸ்பான்சரைப் பிடி என்று கூட்டத்தில் நச்சரிக்கிறார்கள். எனக்குத் தோதாக இரண்டு பேர். ஒருவர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஆட்களில் ஒருவர். மரியாதையாகப் பேசுவார். அவரிடம் கப் கதையைச் சொன்னால், இதெல்லாம் ஒரு தப்பா சார் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். எனக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி என்னை எந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று உனக்குத் தெரியும்.

மற்றவர் ஏசுபாதம். உன் காலனிக்காரர், உனக்கே ஸ்பான்சராக இருந்தவர். வாய் ஓயாது. அவர் பேச்சைக் கேட்பதற்குப் பதில் மறுபடி குடித்துவிடலாம் என்று நீயே ஒருமுறை சிரித்தாய். கப் கதையை அவர் லேசில் விடமாட்டார். யார் முன்னால் கொடுத்தாய், அப்போது என்ன நினைத்தாய், உன் அப்பா என்ன செய்வார் என்று துருவித் துருவிக் கேட்பார். திட்டவும் செய்வார். அறுபத்தேழு வயதில் உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அவரைத்தான் கேட்கப் போகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்பேன். இப்படிப்பட்டவனுக்குத் துணை நிற்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொன்னால் அடுத்த ஞாயிறும் கேட்பேன். அதற்கடுத்த ஞாயிறும். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், இதுவரை அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அவர் சரி என்று சொல்லும்வரை குடிக்காமல் இருப்பேன். சொன்ன அன்றைக்கு ஐந்தாம் படியை மறுபடி தொடங்குவேன். மனைவி, மகள் எல்லாம் பிறகு. முதலில் உனக்குச் செய்ததைச் சொல்வேன்.

வயதில் மட்டும் மூத்த,
உன் அண்ணன்